ஏர்ஸ், சென்ட், நடுவில் ஒரு எக்செல்

ஊர்ல கொஞ்சம் நிலம் உள்ள வீட்டுல பிறந்து, இப்போ வெளியூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிற மக்களுக்குத்தான் இந்தப் பதிவு. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: நிலம் வாங்கறவங்களும் விற்கறவங்களும் அளவு மாற்றும் கணக்கைத் தாங்களே ஒரு எக்செல்ல போட்டு வச்சுக்கணும். புரோக்கர் வாய்க்கணக்கும் வேண்டாம், ஏதோ ஒரு இணையதளம் காட்டற எண்ணும் வேண்டாம்.

ஏன்னு கேட்டா, பட்டாவுல பரப்பு ஹெக்டேர் - ஏர்ஸ்ல இருக்கும். பழைய பத்திரத்துல ஏக்கர் - சென்ட்ல இருக்கும். எங்க புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் ஒண்ணு விலைக்கு வந்தா, "சென்ட் என்ன விலை"ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலயும் சென்ட்தான். அதாவது காகிதம் ஒரு மொழி பேசுது, காசு இன்னொரு மொழி பேசுது. நடுவுல மொழிபெயர்க்கறவர் சொல்றதுதான் கணக்கு. அங்கதான் வில்லங்கம் :-)

உதாரணம் பாருங்க. பட்டாவில் 0 - 40.50 என்று இருக்கு, அதாவது 40.50 ஏர்ஸ். "ஒரு ஏர்ஸ்னா ரெண்டரை சென்ட் தம்பி"ன்னு ஒருத்தர் சொன்னார்னா 101.25 சென்ட் வரும். சரியான கணக்கு ஏர்ஸுக்கு 2.471. அப்படிப் பார்த்தா 100.08 சென்ட்தான். வித்தியாசம் 1.17 சென்ட், சுமார் 510 சதுர அடி. சென்ட் ஒரு லட்சம்னு வச்சுக்கிட்டா, இல்லாத நிலத்துக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்!

இதைவிடப் பெரிய குழி இன்னொண்ணு இருக்கு. 1 - 5.50 என்றால் ஒரு ஹெக்டேர் ஐந்தரை ஏர்ஸ். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர் என்பதால் இது 1.055 ஹெக்டேர். அவசரத்துல 1.55 ஹெக்டேர்னு படிச்சா 122 சென்ட் கூடிடும். ஏக்கருக்கும் மேல! எக்செல்லயும் சும்மா 1-12 என்று அடிச்சுப் பாருங்க, அது தேதின்னு நினைச்சு மாத்திடும். அதனால ஹெக்டேருக்கு ஒரு கட்டம், ஏர்ஸுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா வைங்க.

இப்போ ஷீட்டுக்கு வருவோம். எக்செல்ல 'கன்வெர்ட்'னு ஒரு ஃபார்முலா இருக்கு. 2013 பதிப்பிலிருந்து அதுக்கு ஏக்கர், ஏர்ஸ், ஹெக்டேர் எல்லாம் தெரியும். சென்ட் தெரியாது, கிரவுண்ட் தெரியாது. நாமதான் சொல்லித் தரணும். நிறைய பேர் சென்ட்டிலிருந்து ஏர்ஸ், ஏர்ஸிலிருந்து சதுர அடின்னு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஃபார்முலா எழுதுவாங்க. எட்டு அலகு இருந்தா 56 ஃபார்முலா, யாரால சரிபார்க்க முடியும்? ஒவ்வொரு அலகும் எத்தனை சதுர மீட்டர்னு ஒரே ஒரு பட்டியல் போதும்:

சதுர அடி - 0.09290304
சென்ட் (435.6 சதுர அடி) - 40.468564
ஏர்ஸ் - 100
கிரவுண்ட் (2400 சதுர அடி) - 222.967296
ஏக்கர் (100 சென்ட்) - 4046.8564
ஹெக்டேர் - 10000

கொடுத்த அளவை அதன் எண்ணால் பெருக்கி, வேண்டிய அலகின் எண்ணால் வகுங்க. எண்களை எடுத்துவர 'வி-லுக்கப்' போதும். அவ்ளோதான். ஒரே நிபந்தனை, கடைசி விடையை மட்டும் ரவுண்ட் பண்ணுங்க, நடுவுல தொடாதீங்க.

குழி, மா, வேலி, மரக்கால் விதைப்பாடு எல்லாம் சேர்க்கலாமான்னு கேப்பீங்க. சேர்க்கலாம், ஆனா பக்கத்துல "எந்த ஊர்க் கணக்கு"ன்னு ஒரு கட்டம் கட்டாயம் வேணும். தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 12 அடிக் கோலால் அளந்தா ஒரு குழி 144 சதுர அடி, அப்போ வேலி 6.61 ஏக்கர். கோல் நீளம் மாறினா எல்லாமே மாறிடும். எங்க நெல்லைச் சீமையில விதைக்கிற நெல்லை வச்சே நிலத்தைச் சொல்ற வழக்கம். அது விதையோட அளவு, வயலுக்கு வயல் மாறும். இணையதளங்கள் இதுக்கெல்லாம் தசமப் புள்ளி வச்சு ஒரே விடை சொல்றதுதான் எனக்குக் கடுப்பு.

1999-ல் நாசா செவ்வாய்க்கு அனுப்பின விண்கலம் ஒண்ணு, ஒரு குழு பவுண்டு கணக்கிலயும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலயும் வேலை பார்த்ததால தொலைஞ்சு போச்சு. அவங்களுக்கே அப்படின்னா, அட்வான்ஸ் கொடுக்கிற பரபரப்புல இருக்கிற நம்மாளுங்க எம்மாத்திரம்?

பள்ளிக்கூடத்துல அலகு மாற்றம் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு பட்டா நகலை வச்சு சொல்லிக் கொடுத்தா என்ன? ஒரே ஒரு பாடவேளை. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவோட பட்டாவை எடுத்துப் பார்க்கும்ல.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. எக்செல் எண்ணைத்தான் மாத்தும், நிலத்தை அளக்காது. கணக்கு சரியா வந்த பிறகும் சர்வேயரை வச்சு அளந்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.