கம்பி போயிற்று, கட்டுப் போகவில்லை

கம்பியில்லா ஹெட்செட்டைப் புகழ்ந்து நண்பர்கள் சிலர் சென்ற வாரம் எழுதியிருந்தார்கள். அலுவலகத் தொலைபேசி, கைப்பேசி, கணினி மூன்றையும் ஒரே கருவியோடு இணைத்துக்கொண்டு, வீட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் நடந்தபடி பேசலாம் என்பதே அவர்கள் மகிழ்ச்சியின் சாரம். ஒருவர் இதை 'விடுதலை' என்றே குறித்திருந்தார். அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. கருவியோடு எனக்குப் பகையில்லை. இதை எழுதும்போதும் அது என் மேசைமேல்தான் கிடக்கிறது.

நான் குடியிருப்பது பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், பழைய வீடொன்றின் மாடிப் பகுதியில். கீழ்ப்பகுதியில் இருப்பவர் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண். காலை எட்டு மணிக்குக் காதில் ஏறும் கருவி இரவு பத்துக்குத்தான் இறங்குகிறது. பேசியபடியே சமைக்கிறார், பேசியபடியே துணி மடிக்கிறார். அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை ஒருநாள் படிக்கட்டில் சந்தித்தபோது, ஏன் எப்போதும் கைச்சாடையிலேயே பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "அக்கா காதுல அந்த செவப்பு லைட்டு எரிஞ்சா நாங்க எல்லாரும் ஊமை சார். மிக்சி போடக்கூடாது, குழாயைக்கூட மெல்லத் திறக்கணும்" என்றார்.

எந்த விற்பனைக் குறிப்பிலும் இந்த வாக்கியம் இடம்பெறாது. கருவியை அணிந்தவர் ஒருவர். அதன் ஒழுங்குக்கு அடங்கி நடப்பது வீடு முழுவதும். இந்த அமைதிக்கு யாரும் ஊதியம் தருவதில்லை.

இரைச்சல் நீக்கம் என்ற நுட்பத்தைக் கவனியுங்கள். பேசுபவரின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, சுற்றியுள்ள ஒலிகளை 'இரைச்சல்' என்று வகைப்படுத்தி அழிப்பது அதன் பணி. குக்கர் விசில், குழந்தையின் அழுகை, தெருவில் காய்கறி விற்பவரின் கூவல், கோயில் மணி, பாங்கு, மாதாகோயில் மணி எல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றே. மறுமுனையில் இருக்கும் மேலாளருக்கு இங்கே ஒரு வீடு இருப்பதே கேட்பதில்லை. வீடு கேட்காதபோது, அதற்கு ஒரு நேரம் உண்டு என்பதும் நினைவுக்கு வருவதில்லை. இரவு ஒன்பதரைக்குக் குழந்தை அழுதால் கூட்டத்தை முடித்துக்கொள்ளும் கூச்சமாவது முன்பு மிஞ்சியிருந்தது. இப்போது அந்த அழுகையையும் வடிகட்டிவிட்டோம்.

கம்பி இருந்த காலத்தை நான் பொற்காலமாகச் சித்திரிக்கவில்லை. ஆனால் கம்பிக்கு ஒரு பயன் இருந்தது: அது வேலைக்கு ஓர் இடத்தைக் குறித்தது. இங்கிருந்து கிழக்கே, பழைய மதராஸ் சாலையில் சென்றால் தூரவாணி நகர் வரும். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. 1948இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்ற பொதுத்துறை ஆலையால் அந்த இடத்துக்கு வந்த பெயர் அது. அங்கே செய்யப்பட்ட கனத்த கறுப்புத் தொலைபேசிகள் நாடெங்கும் அலுவலக மேசைகளில் அமர்ந்திருந்தன. மேசையை விட்டு எழுந்தவரை அந்தப் பேசி பின்தொடரவில்லை. 'அவர் இடத்தில் இல்லை' என்பது அன்று முழுமையான, மரியாதையான விடை. இன்று அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. டெக்ட் வகைக் கருவி வீட்டின் எந்த மூலைக்கும் எட்டும். புளூடூத் பத்து மீட்டரில் தளர்ந்தால் கைப்பேசி சட்டைப்பையிலேயே உடன்வரும். ரிச்சர்ட்ஸ் பூங்காவில் மாலை நடப்பவர்களுள் எத்தனை பேர் உண்மையில் நடைப்பயிற்சியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பேட்டையின் வரலாறும் இங்கே பொருந்தும். இது பழைய கண்டோன்மென்ட் பகுதி. 1947இல் மைசூரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும்வரை ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த நிலம். பங்களாக்களுக்குப் பின்னால் வேலைக்காரர் குடியிருப்புகள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்களுள் தமிழர் பலர். வேலைக்காரருக்கு வளாகத்துக்குள்ளேயே இடம் தந்தது கருணையால் அன்று. எந்த நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும் என்பதற்காக. கூப்பிடும் தூரத்தில் வாழ்வது என்பதே அடிமை நிலையின் ஓர் இலக்கணம். இன்றைய ஊழியரின் சம்பளமும் சட்ட உரிமையும் வேறு என்பதை அறிவேன். இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஆயினும் கூப்பிடும் தூரம் இன்று செவிக்குள்ளேயே வந்துவிட்டது என்பதை மறுக்க இயலுமா?

இது தானாக நிகழ்ந்ததும் அன்று. அழைப்பு மையங்கள் போன்ற 'பிற சேவை வழங்குநர்கள்' ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறை பதிவு, வங்கி உத்தரவாதம் எனப் பல நிபந்தனைகளை விதித்திருந்தது. 2020 மார்ச்சில், கொரோனாவை முன்னிட்டு அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் புதிய விதிகள் வந்தன. 2021 ஜூனில் மேலும் தளர்ந்தன. நிறுவனங்களின் சுமையைக் குறைக்க அரசுக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது. வீட்டுக்குள் வந்த வேலைக்கு நேர எல்லை வகுக்க மட்டும் யாருக்கும் அவசரமில்லை.

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961ஆம் ஆண்டினது. நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அது வகுத்த வரம்பு. 2024இல் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அந்த வரம்பை 14 மணிவரை நீட்டிக்கும் யோசனை எழுந்தது. ஊழியர் சங்கம் எதிர்த்தது. அதே ஆண்டில் நிலையாணைச் சட்டத்திலிருந்து அத்துறைக்கு அளித்துவந்த விலக்கும் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. வாரம் 70 மணி உழைக்கவேண்டும் என்று நாராயண மூர்த்தி 2023இல் சொன்னார். 2025இல் எல் அண்ட் டி தலைவர் 90 மணி என்றார். மேசையில் கட்டிப்போட்டு ஒருவரிடம் 90 மணி வாங்க முடியாது. சமையலறை, பூங்கா, படுக்கையறை எல்லாம் வேலையிடமானால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றுள் உண்மையும் உண்டு. தோளுக்கும் காதுக்கும் இடையே பேசியை இடுக்கிக்கொண்டு கழுத்து வலியால் துன்பப்பட்டவர்களுக்கு ஹெட்செட் நல்ல மருந்து. கையால் பேசியைப் பிடிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு அது வேலைவாய்ப்பின் வாசல். ஆனால் இந்த நன்மைகளுள் பெரும்பாலானவற்றைக் கம்பியுள்ள ஹெட்செட்டும் தரும், குறைந்த விலையில். குரலின் தரத்திலும் கம்பியில்லாதது உயர்ந்ததன்று. பாட்டுக் கேட்கும்போது தெளிவாக ஒலிக்கும் புளூடூத் கருவி, ஒலிவாங்கி திறந்தவுடன் பொதுவாக வேறு நிலைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி விகிதத்துக்கு இறங்கிவிடுகிறது. திடீரென்று 'கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்' கேட்பதற்கு இது முக்கியக் காரணம். எனவே கம்பியை நீக்கிப் பெற்றது நல்ல ஒலியன்று, நகர்வு மட்டுமே. அந்த நகர்வு யாருக்குப் பயன்படுகிறது என்பதே என் கேள்வி.

'பேசியபடியே சமைக்கலாமே, பெண்களுக்கு எவ்வளவு வசதி' என்பார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாதம் இதுதான். சமையலும் வேலை, கூட்டமும் வேலை. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, கை சும்மா இருக்கிறது என்று மகிழ்வதா வசதி? அதே கூட்டத்தில் இருக்கும் ஆண்களுள் எத்தனை பேர் வெங்காயம் நறுக்குகிறார்கள்?

செவிக்கும் ஓர் அளவுண்டு. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிவரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல் என்றால் நான்கு மணிதான். அழைப்பின் ஒலி பெரும்பாலும் அதனினும் தாழ்ந்ததே. ஆயினும் தெருவிரைச்சலை வெல்ல நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். காதுக்குக்கூட வாரத்தில் இத்தனை மணி என்று வரம்பு சொல்கிறார்கள். காதுக்குரியவருக்கு?

ஹெட்செட்டை உடைக்கச் சொல்லவில்லை. வேலைக்கான கருவியை நிறுவனமே வாங்கித் தரட்டும். கம்பியுள்ளதா இல்லாததா என்பதை ஊழியர் தெரிவு செய்யட்டும். வேலை நேரத்துக்குப் பிறகு அழைப்பை ஏற்காதது குற்றமாகாது என்று எழுத்தில் இருக்கட்டும். பிரான்சில் 2017 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இங்கே 2018இல் சுப்ரியா சூலே மக்களவையில் தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. மீண்டும் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

சட்டம் வரும்வரை நம்மால் இயன்ற ஒன்றும் உண்டு. வீட்டில் ஒரு நாற்காலியை அழைப்புக்கென்று ஒதுக்குங்கள். அதிலிருந்து எழும்போது கருவியைக் கழற்றி அங்கேயே வைத்துவிடுங்கள். கீழ்வீட்டு அம்மா மிக்சி போடட்டும்.