தலைவலி மாத்திரையே தலைவலியைத் தருமா?

அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம் வட்டாரத்தில் முந்திரிதான் முக்கியப் பயிர். மார்ச்சிலிருந்து மே வரை அறுவடைக் காலம். கொட்டை பொறுக்குவது, உடைப்பது, பருப்பின் மேல்தோலை உரிப்பது, முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் தனித்தனியாகப் பிரிப்பது என வேலைகள் பல. எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. எடைக்கு ஏற்ற கூலி என்றால் நடுவில் எழுந்து போக யாருக்கும் மனம் வராது.

பொழுது சாயும்போது பின்கழுத்தில் ஒரு வலி தொடங்கும். மெல்ல மேலேறி இரண்டு பொட்டையும் நெற்றியையும் பிடித்துக்கொள்ளும். 'தலையைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கு' என்பார்கள். கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு, ஒரு டீயும் குடித்தால் சற்று நேரத்தில் வலி இறங்கிவிடும். இரவுச் சமையலும் நடந்துவிடும். மறுநாள் மாலை மறுபடியும் அதே வலி, அதே மாத்திரை.

தையல் மெஷினில் உட்காருபவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்க்கும் ஊழியர், படுத்தபடி போனைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் என எல்லோருக்கும் இந்த வலி பழக்கமானதுதான். டாக்டர்கள் இதை 'டென்ஷன் தலைவலி' என்கிறார்கள். உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் தலைவலி இதுதான்.

பெயரால் வரும் குழப்பம்

'டென்ஷன்' என்றதும் 'எனக்கு என்ன கவலை, எனக்கு ஏன் அது வருகிறது?' என்று பலரும் கேட்பார்கள். இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1962-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று தலைவலிகளை வகை பிரித்தபோது, இதைத் தசைச் சுருக்கத் தலைவலி என்று குறிப்பிட்டது. தசை இறுக்கத்தை மட்டும் வைத்து இந்த வலியை முழுதாக விளக்க முடியவில்லை. அதனால் 1988-ல் சர்வதேசத் தலைவலிச் சங்கம் 'டென்ஷன் வகைத் தலைவலி' என்று பெயரை மாற்றியது.

கழுத்து, தோள்பட்டை, பொட்டு, தாடை ஆகிய இடங்களில் உள்ள தசைகள் நெடுநேரம் ஒரே நிலையில் இருந்தால் இறுகி, தொட்டாலே வலிக்கத் தொடங்கும். அந்த வலிச் செய்தி நாள்தோறும் மூளைக்குப் போய்க்கொண்டிருந்தால், வலியை உணரும் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடும். பிறகு சின்ன இறுக்கம்கூடப் பெரிய வலியாகத் தெரியும். தூக்கக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மனக்கவலை எல்லாம் இதைத் தூண்டிவிடும். ஆக, கவலை ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

எப்படி அடையாளம் காண்பது?

டென்ஷன் தலைவலி பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கமும் இருக்கும். அழுத்துவதுபோல, இறுக்குவதுபோல இருக்கும். அரை மணி நேரத்திலிருந்து 7 நாள் வரை நீடிக்கலாம். நடந்தாலோ, படி ஏறினாலோ கூடாது. வாந்தி வராது. வேலை செய்யச் சிரமமாக இருக்கும், ஆனாலும் செய்துவிட முடியும்.

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் வேறு மாதிரி. பெரும்பாலும் ஒரு பக்கம் 'விண் விண்' என்று தெறிக்கும். குமட்டல், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இருட்டறையில் படுத்துவிடத் தோன்றும். சிலருக்கு இரண்டுமே உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் டாக்டரிடம் இந்த விவரங்களைச் சொல்வது முக்கியம்.

'பிரஷர் ஏறினால்தான் தலை வலிக்கும்' என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. ரத்த அழுத்தம் மிக அதிகமாக எகிறினால் தலைவலி வரலாம். ஆனால், சாதாரணமாக உயர்ந்திருக்கும் பிரஷர் எந்த அறிகுறியும் காட்டாது. தலை வலிக்கவில்லை என்பதற்காக பிரஷர் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருபவர்களிடம் கட்டாயம் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரை எப்போது எதிரியாகிறது?

எப்போதாவது வரும் டென்ஷன் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அது தவறும் இல்லை. அடிக்கடி போடும்போதுதான் சிக்கல்.

ஒரு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டு, அது 3 மாதத்தைத் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். காஃபின் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் மாதம் 10 நாளே போதும். கடையில் 'தலைவலி மாத்திரை' என்று கேட்டால் பல நேரம் கிடைப்பது இந்தக் கூட்டு மாத்திரைதான். மூளை மருந்துக்குப் பழகி, மருந்தின் வேகம் இறங்கியதும் வலியைக் கிளப்பும். வலி வந்ததால் மாத்திரை, மாத்திரை இறங்கியதால் வலி என்று இது சுற்றிக்கொண்டே இருக்கும். தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

இதோடு, இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் தொடர்ந்து போனால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கும். காய்ச்சலோடு தலைவலி என்றால் இவற்றையும் ஆஸ்பிரினையும் தொடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரும் ஆபத்து உண்டு. பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். மது அருந்துபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழி உண்டு. அதிகப்படியாகப் போடும் மாத்திரையை டாக்டரின் ஆலோசனையுடன் நிறுத்த வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் வலி முன்பைவிட அதிகமாகலாம். இது தெரியாததால்தான் பலர் மூன்றாம் நாளே மறுபடி கடைக்குப் போகிறார்கள். அந்த நாள்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வலி குறையத் தொடங்கும்.

காலண்டரில் ஒரு புள்ளி

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் வீட்டில் இருக்கும். தலை வலித்த நாளில் ஒரு புள்ளி வையுங்கள். மாத்திரை போட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

புள்ளிகள் ஒன்றிரண்டு என்றால் கவலை இல்லை. வாரத்துக்கு இரண்டு வட்டத்துக்கு மேல் போனால் எச்சரிக்கை. மாதம் 15 புள்ளி வந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் காலண்டர் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே டாக்டருக்குப் பாதி விஷயம் அதில் தெரிந்துவிடும்.

நாள்பட்ட தலைவலிக்குச் சிலருக்கு அமிட்ரிப்டைலின் என்ற மாத்திரையை இரவில் குறைந்த அளவில் கொடுப்பார்கள். 'இது மனநோய் மருந்தாமே' என்று யாராவது சொல்ல, பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், வலியைத் தடுப்பதற்காகத் தரப்படுவது அது. வாய் உலரும், தூக்கம் வரும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வேலையிடத்திலேயே செய்யக்கூடியவை

அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் தலையை நிமிர்த்துங்கள். தோள்களைக் காது வரை உயர்த்தி, 5 எண்ணி, தளர விடுங்கள். முகவாயைப் பின்னுக்கு இழுத்து 5 எண்ணுங்கள். தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகச் சாய்த்து, கழுத்து இழுபடுவதை உணருங்கள். 5 முறை போதும். கழுத்தைச் சொடக்கு எடுக்க வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் எதிரே ஒரு மணையோ பலகையோ வைத்து வேலையை உயர்த்திக்கொண்டால் குனிவது குறையும். தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம். டீயும் காபியும் ஒரு நாளைக்கு இரண்டோடு நிற்கட்டும். தூங்கும் நேரமும் எழும் நேரமும் தினமும் ஒன்றாக இருப்பது நல்லது.

பின்கழுத்தில் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். பாட்டி தடவும் தைலத்தையும் ஒதுக்க வேண்டாம். 1990-களில் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், நெற்றியிலும் பொட்டிலும் தடவிய 10 சதவிகிதப் புதினா எண்ணெய்க் கரைசல், டென்ஷன் தலைவலியைப் பாராசிட்டமாலுக்கு இணையாகக் குறைத்தது. கண்ணில் படாமல் தடவ வேண்டும். கைக்குழந்தைகளின் முகத்தில் எந்தத் தைலமும் தடவக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

இதுவரை கண்டிராத வலி திடீரென இடி விழுந்ததுபோல வந்தால், கை கால் மரத்தாலோ பேச்சு குழறினாலோ, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்ட பிறகு வலி கூடினால், வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தாலும் இதே அவசரம்தான். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, விடியற்காலையில் வாந்தியோடு எழுப்பும் தலைவலி, கண் சிவந்து வலிக்கும் தலைவலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால், மேல்சிகிச்சைக்குத் தஞ்சாவூர், திருச்சி என்று எடுத்த எடுப்பிலேயே ஓட வேண்டியதில்லை.

மற்ற நாள்களில் வரும் இறுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். டென்ஷன் தலைவலி உயிருக்கு ஆபத்தானதில்லை. மாத்திரைக்குக் கை நீட்டும் முன் தண்ணீர் குடித்தோமா, சாப்பிட்டோமா, எத்தனை நேரமாகத் தலையை நிமிர்த்தவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தால், பல நாள்களில் அந்த வட்டம் போடத் தேவையே இருக்காது.