கையெழுத்துக்குப் பின் வாசிப்பு

பத்தாண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் சென்ற மாதம் வீடு தேடி வந்தார். கையில் பதினான்கு பக்க அச்சுப்படி ஒன்று இருந்தது. இணையத்தில் கட்டணம் செலுத்தி, பெயர், முகவரி, மணநாள் ஆகியவற்றை நிரப்பியதும் வந்து சேர்ந்த மணமுறிவு மனு அது. முழுதும் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையொப்பம் இருந்தது. "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றார்.

பதினோராம் பத்தியில் அவர், கடந்த காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் கணவரிடம் சீவனாம்சம் எதுவும் கோரப்போவதில்லை என்று உறுதியளித்திருந்தார். ஐந்து வயது மகனைப் பற்றி ஒரே ஒரு வரி. இதை அவரும் கணவரும் பேசி முடிவு செய்தார்களா என்று கேட்டோம். இல்லை. படிவத்தில் இருந்தது, ஆகவே மனுவிலும் இருந்தது.

சட்டம் அப்படி என்னதான் கேட்கிறது? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 13-பி என்னும் பிரிவு 1976இல் சேர்க்கப்பட்டது. இருவர் மனமொத்துப் பிரிவதற்கு அது கேட்பவை மூன்றே: ஓராண்டேனும் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ இயலாதிருக்க வேண்டும், மணத்தை முடித்துக்கொள்ள இருவரும் உடன்பட்டிருக்க வேண்டும். மனு அளித்து ஆறு மாதத்துக்குப் பின்னும் பதினெட்டு மாதத்துக்குள்ளும் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதக் காத்திருப்பிலிருந்து நீதிமன்றம் விலக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. இறுதி ஆணைக்கு முன் ஒருவர் மனம் மாறினால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே கூறிவிட்டது. சீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தால்தான் மணமுறிவு என்று இப்பிரிவில் ஓர் எழுத்தும் இல்லை.

'தனித்து வாழ்தல்' என்பதற்கு வெவ்வேறு வீட்டில் இருத்தல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். கணவன் மனைவியாக வாழாமையே தனித்து வாழ்தல், ஒரே கூரையின் கீழும் அது நிகழலாம் என்று அதே 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு விளக்குகிறது. முன்பணம் கொடுத்து வேறு வீடு பார்க்க வழியில்லாத ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய செய்தி! ஆங்கிலம் அறிந்தோர் வட்டத்துக்குள்ளேயே அது முடங்கிக் கிடக்கிறது.

அறியாமையின் விலை இதனினும் கூடும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையொப்பமிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். சில சமூகங்களில் வழக்காற்றின்படி தீர்த்துவிடுவதும் அறுத்துக்கட்டுவதும் உண்டு. வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டால் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதைக் காக்கிறது. மற்றவர்க்கு அந்த முத்திரைத்தாள் வெறும் தாள். அதை நம்பி மறுமணம் செய்தால் அம்மணம் செல்லாது; 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகலாம். இணையத்தில் மனுவைப் பதிவேற்றினாலும் மணம் முறியாது. நீதிமன்ற ஆணைதான் அதை முறிக்கும்.

சட்டத்துக்குத் தேவையான துல்லியம் தமிழில் வராது என்பார் சிலர். நம் மாணவியின் ஆங்கில மனு துல்லியமாகத்தான் இருந்தது. மூன்று காலத்தையும் விடாமல் துல்லியமாக அவர் உரிமையைப் பறித்தது. 'தீர்த்துவிட்டார்கள்' என்றால் எந்த ஊர்க் கிழவிக்கும் அகராதி வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழும் நீதிமன்ற மொழியே. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமோ, வழக்கறிஞர் வழியே வாதாடுவதை ஓர் உரிமையாகக்கூட வைக்கவில்லை. மனிதர் தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்க வேண்டும் என்று அச்சட்டம் எண்ணியது. எடுத்துரைக்க வேண்டியவருக்கோ தம் மனுவே விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் எளிதாக்கினால் குடும்பங்கள் சிதையும் என்பார் வேறு சிலர். மனு விளங்குகிறது என்பதற்காக எவரும் பிரிவதில்லை. இணக்கத்துக்கு முயல வேண்டிய கடமையைக் குடும்ப நீதிமன்றத்துக்கே சட்டம் கொடுத்திருக்கிறது. எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொண்டவர் பேனாவைக் கீழே வைத்துவிடவும் கூடும்.

மூன்றாவது தரப்பு நாம். படிவம் விற்பவரைத் திட்டுவது எளிது. அவர் விற்பது நம் அலட்சியத்தால் காலியாகக் கிடந்த இடத்தில். ஓதற்பிரிவு, தூதிற்பிரிவு, பொருள்வயிற்பிரிவு, பரத்தையிற்பிரிவு என்று பிரிவை வகை பிரித்து அந்த மாணவிக்குப் பாடம் நடத்தியவர்கள் நாம். பயன்பாட்டுத் தமிழ் என்ற பெயரில் விடுப்பு விண்ணப்பமும் பாராட்டு மடலும் எழுதப் பழக்கினோம். மணமுறிவுக் கதைகளின் உத்திகளைக் கருத்தரங்குகளில் அலசினோம். ஒரு மனுவை எவ்வாறு படிப்பது, எங்கே பேனாவை நிறுத்துவது என்று ஒரு வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. மொழி வாழ்க்கைக்கு உதவ வேண்டும் என்று மேடையில் முழங்கும் நமக்கு இதைவிட வெட்கம் வேறு உண்டா?

நம் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு குடும்ப நீதிமன்றத்திலும் தமிழில் மனுப் படிவம் வேண்டும். அதில் சட்டம் கட்டாயமாகக் கேட்கும் வரிகள் எவை, தம்பதியர் விரும்பினால் மட்டும் சேர்க்க வேண்டியவை எவை என்று பிரித்துக் காட்டப்பட வேண்டும். கிறித்தவர்க்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், சமயம் கடந்து மணந்தோர்க்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் என்று வெவ்வேறு சட்டங்கள் இருப்பதால் படிவங்களும் வெவ்வேறாக வேண்டும். அரசு செய்யும் வரை தமிழ்த்துறைகள் சட்டம் அறிந்தோரை அருகில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கலாம். அதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை.

வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதையும் அம்மாணவி அறிந்திருக்கவில்லை. நல்லவேளை, மனு இன்னும் தாக்கலாகவில்லை. சட்ட உதவி மையத்துக்குப் போய்வந்தார். கணவருடன் பேசினார். பதினோராம் பத்தி போயிற்று. மகனின் படிப்புச் செலவைப் பற்றித் தமிழில் நான்கு வரி எழுதிக்கொண்டு மறுபடியும் வந்து, பிழை பார்க்கத் தந்தார். ஓரிடத்தில் ஒற்று ஒன்று மிகையாக இருந்தது. மற்றபடி திருத்துவதற்கு எதுவும் இல்லை.