ஒருவழிப் பேச்சு

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. 1990-இல் தொடங்கியது. சிவகாசி வட்டாரத்து ஆமத்தூரிலிருந்து விருதுநகர் வந்து நாலுவழிச் சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்படை என்று பெயரே தவிர, கப்பல் ஒன்றும் கிடையாது. பொட்டல்வெளியில் 471 மீட்டர் உயரத்துக்குக் கம்பங்கள் நிற்கின்றன. கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பத்தான் அவ்வளவு உயரம். சாதாரண ரேடியோ அலையை உப்புத் தண்ணீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே கொஞ்சம் ஆழம்வரை இறங்கும். கப்பல் அதைக் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

அந்தக் கப்பல் அணு நீர்மூழ்கி என்றும், அதற்குள் ஆமத்தூர்ப் பையன் ஒருவன் இருப்பதாகவும் நினைத்துக்கொள்வோம். அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். அம்மா தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரவெடி பின்னப் போகிறவர். பையன் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்து, பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி, நேவிக்குப் போனான். இப்போது அவன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனும் சொல்வதில்லை. அவன் சொல்லக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பையன் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பதினெட்டு வயதுப் பையன் அணுப் பிரிவுக்கென்றே ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் நேரடியாகக் கையெழுத்துப் போடுகிறான். தென் கரோலினாவின் கூஸ் கிரீக்கில் பள்ளி. முதலில் தொழில் பாடம், பிறகு ஏறத்தாழ ஆறு மாதம் அணு உலைப் பாடம், அதற்கும் பிறகு நிஜ உலையின் முன் நின்று பயிற்சி. பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பெற்றோருக்குத் தெரியும். பாடப் புத்தகம் ரகசியம் என்பதால் விடுதி அறைக்கு எடுத்துப்போக முடியாது. வகுப்பறைக் கட்டடத்திலேயே இரவுவரை உட்கார்ந்து படித்து முடிக்க வேண்டும். அதனால்தான் ஃபோன் வரவில்லை என்பதும் அந்த அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம்மூரில் பாதை சுற்றுவழி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில் பதினாறு வாரம் அடிப்படைப் பயிற்சி. பிறகு இன்ஜின் பிரிவென்றால் லோனாவாலாவின் ஐ.என்.எஸ். சிவாஜி, மின்பிரிவென்றால் ஜாம்நகரின் ஐ.என்.எஸ். வல்சுரா. அதன்பின் கப்பல். நீர்மூழ்கிப் பிரிவுக்கு விருப்பம் தெரிவித்து, உடல் சோதனையிலும் மனச் சோதனையிலும் தேறினால் விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். சாதவாகனா. கப்பலுக்குள் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் கண்ணைக் கட்டினாலும் தொட்டுக் காட்டும் அளவுக்குப் படித்து, வாய்மொழித் தேர்வில் நின்று ஜெயித்தால்தான் சட்டையில் டால்பின் சின்னம் ஏறும். அணு நீர்மூழ்கிக்கு ஆள் எடுப்பது இப்படித் தேறியவர்களிலிருந்துதான்.

அந்தக் கடைசிப் படிகளில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கல்பாக்கத்தில், ‘அரிஹந்த்’ அணு நீர்மூழ்கியின் உலைக்கு முன்மாதிரியாக ஓர் உலையைத் தரையிலேயே கட்டினார்கள். 2003-இல் அதில் தொடர்வினை தொடங்கியது. 2006-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. இப்படி ஒன்று இருப்பதை அரசு வெளியே சொன்னது 2009 ஆகஸ்டில்தான். அதற்கு முந்தைய மாதம் அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் தண்ணீரில் இறக்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர்களின் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டின் முன் என்ன பேசியிருப்பார்கள்? அந்த மனைவிமார்கள் யாரும் நினைவுக்குறிப்பு எழுதியதாகத் தெரியவில்லை. எழுதியிருந்தால் ரியாக்டர் வரலாற்றைவிட நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.

பையன் அணு நீர்மூழ்கிக்குப் போகிற விஷயம் ஊருக்குள் கசிந்ததும் முதலில் வருவது ‘அணு’ என்ற சொல்லின் பயம். “அதுல வேலை பாத்தா பிள்ளை பிறக்காதாமே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெண் பார்க்கும் இடத்தில் அது போய் நிற்கும். இந்தப் பயத்தைக் கேலி செய்து பயனில்லை. பதில் சொல்ல வேண்டும். கதிர்வீச்சுச் சூழலில் பணிபுரிவோருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். ஒவ்வொருவர் உடையிலும் அளவுமானி தொங்கும். கடல்நீரும் கப்பலின் கூடும் விண்ணிலிருந்து வரும் கதிர்களைத் தடுத்துவிடுவதால், மூழ்கியிருக்கும் மாலுமிக்குத் தரையில் நடமாடும் நமக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருக்கிறது. அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீர்மூழ்கியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2008 நவம்பரில், பின்னால் நமக்குக் குத்தகைக்கு வந்து ‘சக்ரா’ ஆன ரஷ்ய அணு நீர்மூழ்கி சோதனை ஓட்டத்தில் இருந்தபோது தீயணைப்பு வாயு தவறுதலாகப் பரவி 20 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். உலைக்கு ஒன்றும் ஆகவில்லை. 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை, மும்பைத் துறைமுகத்தில் ‘சிந்துரக்ஷக்’ வெடித்து 18 பேர் மாண்டார்கள். அது டீசல் நீர்மூழ்கி. வெடித்தது உள்ளே இருந்த ஆயுதங்கள். ஆக, கொன்றது வாயுவும் வெடிமருந்தும். வெடிமருந்தைப் பற்றி சிவகாசி வட்டாரத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆமத்தூர் வீட்டுக்குத் தன்னிடம் இருக்கும் படிப்பின் மதிப்பு தெரியவில்லை என்று நான் நினைப்பது இங்கேதான். பட்டாசு ஆலைக்குள் நுழையும்போது செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். செல்போன் வாசலோடு சரி. பருத்தித் துணிதான் உடுத்தலாம். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அடுத்த அறைக்கு இவ்வளவு இடைவெளி என்று கணக்கு உண்டு. இந்தக் கணக்கு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து காட்டியது. 38 உயிர்கள் போயின, உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தோடு ஒழுங்காக வாழ்வது எப்படி என்பதுதான் அணுப் பயிற்சியின் சாரம். போர்மேன் வீட்டுப் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்திருக்கிறது. “நான் தகட்டைத் தொடாம ஒரு நாளும் உள்ள போனதில்லய்யா” என்று அப்பா ஃபோனில் சொல்வது எந்தப் பயிற்சியாளரின் உரைக்கும் குறைந்ததில்லை.

ஆனால் இதே வட்டாரத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் வந்த மாவட்டம் விருதுநகர். காமராசர் பிறந்த மண்ணுக்கு அது பெருமைதான். அந்தப் பெருமையின் அடியில் ஒரு பழக்கம் ஊறிக்கிடக்கிறது: மார்க் குறைந்தால் வீட்டில் சொல்லாதே, கேட்டால் சமாளி. அணு உலையின் முன் இந்தப் பழக்கம் ஆபத்தானது. அமெரிக்க அணுக் கடற்படையை முப்பதாண்டுகளுக்கு மேல் கட்டி ஆண்ட அட்மிரல் ரிக்கோவர் கடுகடுப்புக்குப் பேர்போனவர். அவர் உருவாக்கிய மரபில் தவறு செய்வதைவிடத் தவறை மறைப்பதே பெரிய குற்றம். ‘எனக்குத் தெரியவில்லை’, ‘நான்தான் தப்பாகத் திருப்பினேன்’ என்று கூசாமல் சொல்லும் ஆள்தான் அங்கே வேண்டும். அதைச் சொல்ல ஒருவன் எங்கே பழகுவான்? வீட்டில்தான். பயிற்சியில் இருக்கும் பிள்ளை வாரத்தில் ஒருமுறை பத்து நிமிடம் பேசக் கிடைக்கும்போது “என்ன ரேங்க்?” என்று கேட்கிற வீடு, அந்தப் பயிற்சிக்கு எதிர்ப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் இந்தி, தூக்கம் நாலைந்து மணி நேரம், வகுப்பில் கடைசி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லும் குரலில் ஏதோ சரியில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அவர் கேட்பது “சாப்டியாய்யா?” என்றுதான். அது போதாது. “பெயிலானாலும் பரவால்லய்யா, எங்கிட்ட சொல்லு” என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். குரல் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம்.

அடுத்தது ஃபிளெக்ஸ். சிவகாசியில் அச்சுக்குப் பஞ்சமில்லை. பையன் தேர்வானதும் பஸ் ஸ்டாப்பில் சீருடைப் படத்தோடு பேனர் ஏறுகிறது. கப்பல் பெயரும் சேர்ந்தே ஏறுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் “அண்ணன் நாளை கடலுக்கு” என்று தங்கச்சி போடுகிறாள். 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம், கார்வார், மும்பை தளங்களைச் சேர்ந்த மாலுமிகள் ஏழு பேரை ஆந்திர போலீஸ் கைது செய்தது. சமூக வலைத்தளத்தில் பெண்கள் பேரில் வந்த வலையில் விழுந்து கப்பல் நடமாட்டத்தைச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மாதமே தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்ஃபோனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. பையனிடமிருந்து போனை வாங்கி வைத்துவிடலாம். தங்கச்சியின் போனை யார் வாங்குவது? எந்தக் கப்பல், எந்தத் தேதி, எத்தனை நாள் என்ற மூன்றையும் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது வீட்டின் வேலை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகாதவர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. என்ன, யாராவது அவர்களுக்குப் புரியும் பாஷையில் சொல்லியிருக்க வேண்டும்.

கெட்ட செய்தி விஷயத்தில்தான் வீடுகள் அதிகம் தடுமாறுகின்றன. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்திருப்பார்கள். பையன் ஃபோன் செய்தால் “அப்பா வயலுக்குப் போயிருக்காருய்யா” என்பார்கள். படிக்கிற பிள்ளை மனசு கலங்கக் கூடாதாம். மூன்று மாதம் கழித்து சித்தப்பா மகன் வழியே விஷயம் தெரியவரும். அன்றோடு அவன் வீட்டின் ‘ஒண்ணுமில்லய்யா’வை நம்புவதை நிறுத்திவிடுவான். பிறகு நிஜமாகவே ஒன்றுமில்லாத நாளிலும் தூங்க மாட்டான். இதில் அன்பு குறைவில்லை, முறைதான் தப்பு.

பிரிட்டிஷ் கடற்படை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் மூழ்கியிருக்கும் அணு நீர்மூழ்கிகளுக்கு வீட்டார் வாரம் ஒரு சிறு செய்தி அனுப்பலாம். ஆரம்பத்தில் 40 சொல், பிற்பாடு 120. பதில் வராது. செய்தியைப் படித்துப் பார்த்தே அனுப்புவார்கள். துக்கச் செய்தி வந்தால் உடனே சொல்லவா, கரைக்கு வந்தபின் சொல்லவா என்பதை மாலுமியே புறப்படும் முன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடூரமாகத் தோன்றும், யோசித்தால் இதைவிட மரியாதையான ஏற்பாடு கிடையாது. முடிவு அவனுடையது. வீட்டுக்குப் பொய் சொல்லும் பாரமும் இல்லை. ஆமத்தூர் வீட்டிலும் இதைச் செய்யலாம். லீவு முடிந்து பெட்டி கட்டும் ராத்திரி, “இன்னது நடந்தா ஒனக்குச் சொல்லணுமா, வேண்டாமா?” என்று கேட்டுவிடலாம். அபசகுனம் என்று பாட்டிகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அரசு செய்யவேண்டியதும் பெரிய செலவில்லாத காரியம். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பிள்ளை பணியில் சேரும் மாதத்திலேயே பெற்றோரை அங்கே கூப்பிட்டு, ஒரு நாள், தமிழில், ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரை வைத்துப் பேசச் செய்யலாம்: பயிற்சி எப்படி நடக்கும், ஃபோன் ஏன் வராது, எதை ஸ்டேட்டஸில் போடக்கூடாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் பேப்பருக்காக மட்டும் ஒரு அலுவலகம் இருப்பானேன்?

2022-இல் வந்த அக்னிபத் திட்டம் இந்த வீடுகளில் இன்னொரு கவலையையும் வைத்திருக்கிறது. நான்கு ஆண்டு வேலை. முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாய் சேவா நிதியோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். அணு உலைக்கு ஆள் பழக நான்கு ஆண்டு எந்த மூலைக்கு? நீர்மூழ்கிக்குப் போக ஆசைப்படும் பையனுக்கு முதல் நான்கு ஆண்டும் பரீட்சை ஹாலாகவே கழியும். நிரந்தரம் ஆவானா என்று உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்வது அம்மாதான்.

அந்த நாற்பது சொல் ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆமத்தூர் அம்மாவுக்கு அப்படி ஒரு தாள் கிடைத்தால் என்ன எழுதுவார் என்று எண்ணி எண்ணிப் போட்டுப் பார்த்தேன்.

“மழை பெஞ்சு கம்மா பாதி நெறஞ்சிருச்சு. அப்பத்தா இப்போ கம்பில்லாம நடக்குது. தங்கச்சி பிசிக்ஸ்ல மட்டும் கொறச்சல். அவளே வந்து சொன்னா, நான் வையல. அப்பாவுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்து போயிருச்சு. ஒன் சைக்கிள மாமா ஓட்டுறாரு, செயின் அந்துருச்சு. சாத்தூர் சேவு வாங்கி வச்சேன், தம்பி தின்னுட்டான். நீ வரும்போது மறுபடி வாங்குறேன்.”