கடைசியில் வந்தவர்களைக் கைவிடலாகாது

அஜர்பைஜானுக்குள் இருக்கும் நாகோர்னோ-கராபாக்கை விட்டு, அங்கு வாழ்ந்த ஆர்மீனியர்கள் வெளியேறி ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர்களில் வயதானவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி மட்டும் தீர்ந்தபாடில்லை.

2022 டிசம்பரில், கராபாக்கை ஆர்மீனியாவுடன் இணைத்த லாச்சின் பாதை அடைபட்டது. ஒன்பது மாதங்களுக்கு மேல் உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் திண்டாடினார்கள். பாதையில் தடையற்ற போக்குவரத்தை உறுதிசெய்யும்படி 2023 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் இட்ட உத்தரவை அஜர்பைஜான் மதிக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று அதன் தாக்குதல் தொடங்கியது. அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆர்மீனியாவுக்குள் வந்து சேர்ந்தனர். ஆர்மீனியாவின் கோரிஸ் நகருக்குச் செல்லும் மலைப்பாதையில், நோயாளிகளும் முதியவர்களும் ஒரு நாளுக்கும் மேலாக வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார்கள்.

வண்டியில் ஏறவும் முடியாதவர்கள் இருந்தார்கள். காலியாகிவிட்ட கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனகெர்ட்டில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் ஒலிபெருக்கியில் குரல் கொடுத்தபடி தெருத்தெருவாகத் தேடியபோது, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காவது தளத்தில் புற்றுநோயாளியான மூதாட்டி ஒருவரைக் கண்டுபிடித்தனர். படுக்கையை விட்டு அவரால் எழ முடியவில்லை. அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன சோறும் தண்ணீரும் தீரும் தறுவாயில் இருந்தன. கராபாக்குக்காக நடந்த 2020 போரிலும் முதியவர்களே பின்தங்கினார்கள். அப்போது கொல்லப்பட்ட ஆர்மீனியப் பொதுமக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதியவர்கள் என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவுசெய்திருக்கிறது.

முதல் குற்றவாளி அஜர்பைஜான் அரசு. 1990களில் கராபாக்குக்காக நடந்த போரில் துரத்தப்பட்ட லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்களின் முதுமையும் அகதி வாழ்விலேயே கரைந்தது. அந்தக் கொடுமையை அறிந்த நாடு, அதையே இன்னொரு முதிய தலைமுறைக்குச் செய்ததை மன்னிக்க முடியாது. விரும்புவோர் பாதுகாப்பாகத் திரும்ப வழிசெய்யுமாறு 2023 நவம்பரில் சர்வதேச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் வாஷிங்டனில் முன்னொப்பமிட்ட அமைதி உடன்பாட்டிலோ அவர்கள் திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுபது, எண்பது வயதுக்காரருக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்பது மறுப்பேதான்.

ஆர்மீனிய அரசு வந்தவர்களை வரவேற்றது, வாடகைக்குப் பணம் கொடுத்தது. சிறிய நாட்டின் சக்திக்கு அது பெரிய காரியம். ஆனால் 2024இல் அறிவித்த வீட்டுத் திட்டத்தில் கோளாறு இருக்கிறது. எந்த ஊரில் வீடு என்பதைப் பொறுத்து ஆளுக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் திராம் வரை உதவி. ஆறு பேர் கொண்ட குடும்பம் பங்குகளைச் சேர்த்து வீடு வாங்கிவிடும். கணவனை இழந்து, பிள்ளைகள் ரஷ்யாவில் பிழைக்க, தனியாக நிற்கும் மூதாட்டி அந்த ஒற்றைப் பங்கை வைத்து எந்தக் கூரையை வாங்குவார்? கூடுதல் தொகை எல்லையோரக் கிராமங்களுக்கு; அவருக்கு வேண்டிய பெரிய மருத்துவமனைகளோ தலைநகர் யெரெவானில். உதவி பெற ஆர்மீனியக் குடியுரிமை எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை எடுத்தால் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமை போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது பார்வைக்குச் சமநீதி. தனித்து நிற்கும் முதியவர்களுக்கு அது அநீதி. அவர்களுக்கு அரசே வீடு ஒதுக்க வேண்டும். ஒதுக்கும் வரை வாடகை உதவியை நிறுத்தக் கூடாது. வீட்டுக்கே செவிலியரை அனுப்ப வேண்டும். இதற்கான செலவை ஐரோப்பிய ஒன்றியமும் மற்ற நன்கொடை நாடுகளும் ஏற்க வேண்டும். முற்றுகை நடந்த ஒன்பது மாதங்களும் கண்டன அறிக்கைகளோடு நின்றுவிட்ட அவை, இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.