சம்மனசு வேடம் யாருக்கு?

கடந்த டிசம்பரில் ஒரு சாயங்காலம் என் தம்பி மகள் பள்ளிக்கூடத்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "பெரியப்பா, கிறிஸ்மஸ் டிராமாவுல நானும் இருக்கேன்!" என்றாள். என்ன வேடம் என்று கேட்டேன். "ஆட்டுக்குட்டி!" என்றாள்.

எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஆறு பேர். நாலு பேர் ஆடு. ஒருவன் ஒட்டகம். இன்னொருவனுக்குத் திரை இழுக்கிற வேலை. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், சிறகு கட்டிய சம்மனசுகள் எல்லாரும் கோவில் தெருவிலிருந்தும் கடைவீதியிலிருந்தும் வந்தார்கள். ஆட்டுக்கு வசனம் கிடையாது. கடைசிவரை மண்டி போட்டே இருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான் நானும் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் அதே மேடையில் நான் மாடு. பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "அது அந்த ஒரு பள்ளியின் கோளாறு" என்று சொல்லிவிட்டு மற்ற பள்ளிகள் நிம்மதியாகக் குடில் கட்டப் போய்விடும்.

பெற்றோர் கூட்டத்தில் தம்பியோடு போய் டீச்சரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "குடில்னா ஆடும் வேணும்ல சார்? சம்மனசு கொஞ்சம் கலரா இருந்தாத்தான் மேடையில எடுப்பா இருக்கும்."

தோழர்களே, அந்த 'கலர்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலஸ்தீனத்துத் தச்சன் வீட்டுப் பெண்ணுக்கு வெள்ளைத் தோல் கொடுத்தது யார்? சம்மனசின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது யார்? லூக்கா நற்செய்தியை இவர்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கதைப்படி சத்திரத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குத் தொழுவத்தில் பிள்ளை பிறக்கிறது. அந்தச் செய்தி முதலில் போவது அரண்மனைக்கு அல்ல, குருமடத்துக்கும் அல்ல. ராத்திரியில் வயல்வெளியில் கிடை காவல் காத்தவர்களுக்குத்தான் போகிறது. ஊருக்கு வெளியே நடந்த கதை அது. அந்தக் கதையை மேடையேற்றும்போதுதான் ஊருக்கு வெளியே இருக்கிற பிள்ளைகளை ஆடாக்குகிறார்கள்.

"ஒரு நாள் நாடகத்துக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். ஒரு நாள் இல்லை. அந்தப் பள்ளியின் ஒரு வருடத்தை எண்ணிப் பாருங்கள்.

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அன்றுதான், ஒரே மிட்டாய். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். நவம்பர் 14 மாறுவேடப் போட்டி. டிசம்பரில் குடில். ஜனவரியில் பொங்கல். அப்புறம் ஆண்டுவிழா. சிலேட்டில் எழுதியது மறந்து போகும். இந்த நாட்களில் மேடையின் நடுவில் நின்றது யார், ஓரத்தில் நின்றது யார் என்பது சாகும்வரை மறக்காது. பள்ளியின் உண்மையான பாடத்திட்டம் இந்தக் கொண்டாட்டங்கள்தான்.

நவம்பர் 14-க்குத் தம்பி மகளுக்கு நீலக் கோட்டு போட்டு, கையில் ஒரு தடித்த புத்தகம் கொடுத்து, அம்பேத்கராக அனுப்பலாம் என்று வீட்டில் பேசினோம். வாடகை உடைக்குப் பணம் தேவையில்லை, பழைய கோட்டு இருந்தது. பள்ளியிலிருந்து பதில் வந்தது: "அரசியல் வேண்டாமே. வீரமாமுனிவர், அன்னை தெரசா, காந்தி, ஜான்சி ராணி இப்படி ஏதாவது போடுங்க." காந்தி அரசியல் இல்லையாம்! வாளேந்திய ராணி அரசியல் இல்லையாம்! வகுப்பறைக்கு வீட்டிலிருந்து கோணிப்பை கொண்டுபோய் அதில் தனியாக உட்கார்ந்த பையன், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று தாகத்தோடு இருந்த பையன், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை எது? ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022-இல் சமத்துவ நாளாக அறிவித்தது. அந்தப் பள்ளியில் அன்று விடுமுறை, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வருவோம். 'சமத்துவப் பொங்கல்' என்று வளாகத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். அரிசி, வெல்லம், நெய், முந்திரி ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விறகும் மாவிலையும். பானைக்குள் போகிற எதுவும் எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை. "யாரும் யோசிச்சுச் செய்யலீங்க, வசதியைப் பாத்துப் பிரிச்சோம்" என்றார்கள். நம்புகிறேன். சாதிக்கு யோசனை தேவையில்லை. அது பழகிய கை. இருட்டிலும் சரியான இடத்தைத் தொடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? பெரம்பலூரிலிருந்து துறையூர்ப் பக்கம் போனால் கோட்டப்பாளையம் என்றொரு ஊர். திருச்சி மாவட்டம், ஆனால் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளைப் போலக் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே புனித மகதலா மரியா கோவில் திருவிழாவில் தங்களிடம் வரி வாங்குவதில்லை, பங்குப் பேரவையில் இடமில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறையும் தனி என்று தலித் கத்தோலிக்கர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் கைவிட, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. "எங்களிடமும் வரி வாங்குங்கள்" என்று மக்கள் டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது! 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டதையும், போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

திருவிழாக் கமிட்டியில் உட்கார்ந்து "இவன் வரி வேண்டாம்" என்று சொல்கிறவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவரும் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளி மேடையில் ராஜா வேடம் போட்டவர்தான். மேடையில் ஆடு எங்கே மண்டி போட வேண்டும் என்பதை எட்டு வயதில் கற்றுக்கொண்டவர். பள்ளி ஆண்டுவிழா தேர்த் திருவிழாவுக்கான ஒத்திகை. தெரு எது, மேடை எது, விறகு யாருடையது, நெய் யாருடையது என்பதை வகுப்பறையில் பழக்கிவிட்டு, தேர் எங்கள் தெருவுக்கு வராதபோது "ஐயோ, ஊர்க்காரர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்களே" என்று கையைப் பிசைவது யாரை ஏமாற்ற?

இது புதிதும் அல்ல. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலையும் வீரமாமுனிவரின் தமிழையும் எங்கள் மாவட்டம் பெருமையோடு பேசும். பேசட்டும். அவர் வாழ்ந்த அதே 18-ஆம் நூற்றாண்டில்தான் மிஷன் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கியது என்பதையும் சேர்த்துப் பேசட்டும். அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே 'உயர்' சாதிக்குத் தனித் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று பிரித்து வைத்தாகிவிட்டது. வேதம் வந்தது. சாதியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

இனி என்னை நோக்கி வரும் கேள்வி எனக்குத் தெரியும். "இந்த நேரத்தில் இதைப் பேசினால் சங்கிகளுக்குத்தானே லாபம்?"

நியாயமான பயம். 2022 ஜனவரியில் தஞ்சை மாவட்டம் மைக்கேல்பட்டிப் பள்ளியில் படித்த எங்கள் அரியலூர் மாவட்டத்துப் பெண் பிள்ளை ஒருத்தியின் சாவை 'மதமாற்றம்' என்று கூவி எப்படி அரசியலாக்கினார்கள் என்பதைப் பார்த்தோம். ஒரு பிள்ளையின் சாவு அவர்களுக்குக் கொடி கட்டுகிற கம்பமாகத்தான் பயன்பட்டது. அவர்களுக்கு இந்தப் பள்ளிகள் மேல் இருக்கும் வெறுப்பு சாதியால் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்களே என்ற வெறுப்பு. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது ஒரு கன்னியர் மடம்தான். வேறு எந்தத் திண்ணையும் அவரை ஏற்றியிருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. அந்தக் கடன் இருப்பதால்தான் கேட்கிறேன். சங்கி இந்தப் பள்ளியை மூடச் சொல்கிறான். நான் திறக்கச் சொல்கிறேன். நாங்கள் வாய்மூடி இருந்தால்தான் அவனுக்கு லாபம். எங்கள் வலியை எங்களுக்குப் பதிலாக அவன் பேச வருவான்.

திருச்சபையின் இரட்டை நாக்கையும் சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை எங்களைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். எங்களுக்கு மட்டும் கதவு மூடியே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு உதவாது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10-லும் ஆயர்கள் கறுப்புக் கொடி ஏற்றச் சொல்கிறார்கள். மதம் மாறினாலும் சாதி போகவில்லை என்று டெல்லியிடம் வாதாடுகிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நல்லது. ஆனால் அதே ஆகஸ்ட்டில் பள்ளிக்குப் போய்க் கேட்டால் "இங்கே சாதியெல்லாம் பார்க்கிறதில்லைங்க" என்கிறார்கள். டெல்லிக்கு ஒரு பதில், பெற்றோருக்கு ஒரு பதிலா? சாதி இருக்கிறது என்று சலுகைக்காகச் சொல்லும் வாய், சாதி இல்லை என்று பொறுப்பிலிருந்து தப்பிக்கச் சொல்லக் கூடாது.

நாங்கள் கேட்பது வானத்து நட்சத்திரம் அல்ல. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. உட்காருகிற பெஞ்சுக்கே அகரவரிசை வேண்டும் என்றால் மேடை வேடத்துக்குக் குலுக்கல் ஏன் கூடாது? பேர்களைச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுங்கள். எந்தப் பிள்ளை கைக்கு மாதா வருகிறதோ, அந்தப் பிள்ளை மாதா. உடைச் செலவைப் பள்ளி ஏற்கட்டும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேகட்டும். ஏப்ரல் 14-க்கு முந்தைய வேலை நாளில் அம்பேத்கரைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். அரசு உதவிபெறும் பள்ளியில் சம்பளம் மக்கள் வரிப்பணம். சிறுபான்மைப் பள்ளி என்பதால் ஆசிரியர் நியமனத்தில் இட ஒதுக்கீடு உங்களைக் கட்டுப்படுத்தாமல் போகலாம், மனசாட்சியுமா கட்டுப்படுத்தாது? எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர் உங்கள் பள்ளியில் டீச்சர் என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள்.

முடியாது என்று சொல்ல முடியாது. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று விரிவானபோது, அது தொடங்கியதே கீழச்சேரியில் இருக்கும் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான். இன்று அப்படிப்பட்ட பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் உப்புமா. தட்டில் விழும்போது இது யார் வீட்டு ரவை என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. காலையில் எட்டரை மணிக்கு முடிகிறது, பொங்கலன்று முடியாதா?

இதைப் படிக்கிற நீங்களும் இப்படி ஒரு பள்ளியிலிருந்து வந்திருப்பீர்கள். ஆடாகவோ, ராஜாவாகவோ. ஊருக்குப் போகும்போது அந்தப் பள்ளிக்கு ஒருமுறை போங்கள். முன்னாள் மாணவர் என்ற உரிமையில் இந்த வருடம் யாருக்கு என்ன வேடம் என்று கேளுங்கள். ராஜாவாக இருந்தவர்கள் கேட்டால் இன்னும் நல்லது. எங்கள் கேள்வியை அவர்கள் பல வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

நாடகம் முடிந்த அன்று ராத்திரி தம்பி மகள் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, ஆடு ஏன் பேசல? அதுவும் குழந்தையைப் பாக்கத்தான வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் சொல்லட்டும். அடுத்த டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு டப்பாவும் கொஞ்சம் துண்டுச் சீட்டும் போதும்.