வரும் இளையோர்க்குத் தலைசாய்க்க இடம்



2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, லிஸ்பன் நகரில் உலக இளையோர் தின நிறைவுத் திருப்பலியின்போது, அடுத்த விழா 2027-இல் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெறும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். நாம் மகிழ்ந்தோம். அதே நாட்களில் அதே தென்கொரியாவில், உலகச் சாரணர் பெருவிழாவுக்கு வந்திருந்த ஏறத்தாழ 43,000 இளையோர் கூடாரங்களில் வெயிலில் வாடிக்கொண்டிருந்தனர்.

அந்த இடத்தின் பெயர் சேமான்கும். கடலை மேடாக்கிப் பெற்ற நிலம். ஒதுங்க மரநிழல் இல்லை. முன்பு பெய்த மழைநீர் வடியாமல் நின்றது. வெப்பம் 35 டிகிரியைத் தொட, நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். கழிப்பறைகளைப்பற்றி எழுந்த புகார்கள் உலகச் செய்தியாயின. பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் முதலில் வெளியேறின. பின்னர் கானூன் புயல் நெருங்கவே, ஆகஸ்டு 8 அன்று எஞ்சியோர் அனைவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகளில் அப்புறப்படுத்தப்பட்டனர்.

எங்கே தங்கினர்? பல்கலைக்கழக விடுதிகளிலும், நிறுவனங்களின் பயிற்சி மையங்களிலும். புத்த மடங்களும் இடம்தர முன்வந்தன. அந்நாட்டுக்கு விழா ஒதுக்கப்பட்டது 2017-இல். ஆறு ஆண்டுகள் திட்டமிட்டும் அமையாத கூரை, சில நாட்களில் கிடைத்துவிட்டது! ஆக, கூரைகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைத் திறந்துவிடுமாறு முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

சியோல் விழாவுக்குக் குறிக்கப்பட்டிருப்பதும் அதே பருவமே: 2027 ஆகஸ்டு 3 முதல் 8 வரை. வெயிலும் மழையும் புயலும் சேர்ந்து வரும் காலம். திறந்தவெளிக் கூடாரங்களை நம்பியிராமல் பள்ளிகளையும் பங்கு மண்டபங்களையும் வீடுகளையும் நாடுவதே விவேகம். ஆனால் அங்கே கத்தோலிக்கர் பத்தில் ஒருவர் அளவே. குடும்பங்களில் பாதிக்கும் மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. பிற சமயத்தாரும் கதவு திறக்காமல் இது நடவாது. கதவு திறக்கும் வீட்டார் எத்தகையவர், சிறுவயதினரை யார் பொறுப்பில் விடுவது என்பதையும் விசாரித்தறிய வேண்டும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். பேருந்து வந்து நின்றபின் செய்யக்கூடிய வேலையன்று.

இதை நாம் தூரத்துச் செய்தியாகப் படிக்கலாமா? வேளாங்கண்ணிக்கு நடந்துவரும் திருப்பயணிகள் நம் பள்ளித் தாழ்வாரங்களில்தானே இரவு படுக்கிறார்கள்! பாய் விரிக்க இடம் தருகிறோம். பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று அன்று மாலை போய்ப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நம் பங்கு இளையோர் சிலரும் சியோலுக்குச் செல்ல விரும்புவார்கள். பயணச் செலவைப்பற்றிப் பேசும்போதே, விருந்தாளியாக இருக்கவும் அவர்களைப் பழக்குவோம். அந்நாட்டு வீடுகளில் காலணியை வாசலிலேயே கழற்ற வேண்டும். இரவில் ஓடியாடினால் கீழ்வீட்டாருக்குக் கேட்கும். உணவு மிச்சத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் போட்டுவிட்டு வந்தால், அதைப் பிரித்தெடுக்க வேண்டியவர் நமக்கு இடம்தந்த அந்த வீட்டு அம்மாதான்.